சேர்விஸ் பில்லில் வராத ஒயில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்ட நாட்களில், மூதூர்ப் பக்கத்தில் வசிக்கும் எனது உறவினர் ஒருவர் தனது டபுள் கெப் வாகனத்தில் நான்கு நாட்கள் ஓயாமல் ஓடினார். அரிசி மூட்டை, குடிநீர்ப் போத்தல், நோயாளிகள், சிறு பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றினார். பல இடங்களில் தண்ணீர் சில்லின் பாதிக்கு மேல் நின்றது. வாகனம் ஒரு தடவைகூட நடுவழியில் நிற்கவில்லை.

வெள்ளம் வடிந்த பின்னர் அவர் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டார். சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ‘ஃபுல் சேர்விஸ்’ கொடுத்தார். இஞ்சின் ஒயில், ஒயில் ஃபில்டர், எயார் ஃபில்டர் எல்லாம் மாற்றினார்கள். அடிப்பாகத்தைக் கழுவி கிரீஸ் அடித்தார்கள். பில்லைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீடு வந்தார். இரண்டரை மாதம் கழித்து, வேகம் 60ஐத் தாண்டும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. டயராக இருக்கும் என்று டயரை மாற்றிப் பார்த்தார். சத்தம் போகவில்லை.

கடைசியில் ஊரிலுள்ள சிறிய கராஜ் ஒன்றின் பாஸ், வாகனத்துக்கு அடியில் படுத்து பின் டிஃபரன்ஷலின் அடி நட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து வடிந்தது பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

“தம்பி, இந்த ஒயில எப்ப மாத்தினீங்க?”

“டிசம்பர்ல ஃபுல் சேர்விஸ் குடுத்தேனே நானா.”

“அது இஞ்சினுக்கு. இத மாத்தச் சொன்னீங்களா?”

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பேரிங்குகளில் துரு ஏறி, பினியன் பல்லும் தேய்ந்திருந்தது. செலவு இலட்சத்தைத் தாண்டியது. வெள்ளம் வடிந்த வாரத்திலேயே சில லீற்றர் கியர் ஒயில் வாங்கி மாற்றியிருந்தால் சில ஆயிரங்களோடு முடிந்திருக்க வேண்டிய விடயம் இது.

இது அவர் ஒருவரின் கதை மட்டுமல்ல. எமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரிகளோடு சேர்த்து வரும் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே 10 வருடம், 15 வருடம், அதற்கும் கூடுதலாக ஓடிய ஜீப்புகளும் கெப்களும்தான் இன்னும் எமது வயலுக்கும் கடைக்கும் கடற்கரைக்கும் ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றிக்கொள்வது பல குடும்பங்களுக்குப் பிழைப்போடு சம்பந்தப்பட்ட விடயம். அதனால்தான் பெரும்பாலானோர் கேட்காமல் விடும் இந்த ஒயிலைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்று தனிப் பெட்டிகள்

ஒரு ஃபோர் வீல் வாகனத்தில் இஞ்சினையும் கியர் பெட்டியையும் தவிர மேலும் மூன்று இரும்புப் பெட்டிகள் உள்ளன. முன் அச்சில் ஒரு டிஃபரன்ஷல், பின் அச்சில் ஒரு டிஃபரன்ஷல், கியர் பெட்டிக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்.

வாகனம் ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சில்லு குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்தால் டயர் தேயும், அச்சு முறுகும். இரண்டுக்கும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பது டிஃபரன்ஷல். அத்துடன் நீளவாக்கில் வரும் சுழற்சியைச் சில்லுகளின் பக்கம் திருப்பி, வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டித் தருவதும் அதற்குள் இருக்கும் கிரவுண் வீலும் பினியனும்தான். இஞ்சின் தரும் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கிட்டு அனுப்புவது ட்ரான்ஸ்ஃபர் கேஸ். நீங்கள் 4எச், 4எல் என்று மாற்றும்போது வேலை செய்வது அதுதான்.

இந்த மூன்று பெட்டிகளுக்கும் தனித்தனி ஒயில். இஞ்சின் ஒயில் மாற்றுவதால் இவற்றில் ஒரு சொட்டுக்கூட மாறுவதில்லை.

கார் வகையைச் சேர்ந்த ஃபோர் வீல் வாகனங்களில் அமைப்பு கொஞ்சம் வேறுபடும். சுபாரு வாகனங்களில் தனியான ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கிடையாது, அந்த வேலை கியர் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. ஹொண்டா சீஆர்வீ போன்றவற்றில் பின் டிஃபரன்ஷலுக்குள்ளேயே பின் சில்லுகளை இணைத்து விடும் கிளட்ச் தகடுகள் உள்ளன. ஆகவே உங்கள் வாகனத்தில் எத்தனை பெட்டி இருக்கிறது என்பதை முதலில் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஒயில் ஏன் கெடுகிறது?

இஞ்சினுக்கு ஃபில்டர் இருக்கிறது. டிஃபரன்ஷலுக்கு அப்படி ஒன்று இல்லை. பற்கள் தேயும்போது உதிரும் இரும்புத் தூள் அதே ஒயிலுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். பல பெட்டிகளில் அடி நட்டின் நுனியில் ஒரு காந்தம் இருக்கும். அது கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும், எல்லாவற்றையும் அல்ல.

அத்துடன், கிரவுண் வீலும் பினியனும் சாதாரணப் பற்சக்கரம் போல ஒன்றின் மீது ஒன்று உருளுவதோடு நிற்பதில்லை. பல் பல்லின் மீது வழுக்கிக்கொண்டும் செல்கிறது. அந்த அழுத்தத்தில் சாதாரண ஒயில் பிதுங்கி வெளியேறிவிடும், இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும். அதைத் தடுக்கக் கந்தகமும் பொஸ்பரசும் கலந்த விசேட சேர்மானங்களைக் கியர் ஒயிலில் போடுகிறார்கள். கியர் ஒயில் போத்தலைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையது. காலப்போக்கில், சூட்டில், பாரத்தில் இந்தச் சேர்மானங்களின் பலம் குறைந்துகொண்டே போகும்.

எமது நாட்டைப் பொறுத்தவரை இவற்றை விடப் பெரிய எதிரி தண்ணீர்தான். பெட்டி மூடித்தானே இருக்கிறது, தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மூச்சு விடுவதற்கென்று ஒரு சிறிய துளை உண்டு. அதை பிரீதர் என்பார்கள். வாகனம் ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அந்தத் துளையால் வெளியேறும். 20 கிலோமீற்றர் ஓடிச் சூடேறிய வாகனத்தைக் குளிர்ந்த வெள்ளத்தில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சடுதியாகச் சுருங்கும். அப்போது பெட்டி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியே ஆகும். வெளியில் இருப்பது தண்ணீர் என்றால் தண்ணீரைத்தான் உறிஞ்சும், பிரீதரால் அல்லது பழசாகிப்போன ஒயில் சீல்களால்.

வெள்ளம்தான் வர வேண்டும் என்றும் இல்லை. வயல் வாய்க்காலில் இறக்குவது, கடற்கரையில் அலை அடிக்கும் இடம்வரை கொண்டுபோய் மீன் ஏற்றுவது, சேர்விஸ் ஸ்டேஷனில் அதிக அழுத்தத் தண்ணீரை நேரே பிரீதரிலும் சீலிலும் பீய்ச்சியடிப்பது, எல்லாம் இதே வேலையைச் செய்யும். கடல் நீர் என்றால் பாதிப்பு இன்னும் வேகமாக வரும்.

எந்த ஒயில் போடுவது?

இந்த இடத்தில்தான் நல்ல எண்ணத்தோடு செய்யும் வேலையே கேடாக முடிகிறது. “கியர் ஒயில்தானே, எல்லாவற்றுக்கும் ஒன்றையே ஊற்று” என்பது தவறான பழக்கம்.

பெரும்பாலான கெப், ஜீப் வாகனங்களின் டிஃபரன்ஷலுக்கு ஜீஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது அதற்கு நெருக்கமான தடிப்புள்ள ஒயில் சொல்லப்பட்டிருக்கும். பின் டிஃபரன்ஷல் எல்எஸ்டி வகையானால் அதற்கென்று உரிய ஒயில் அல்லது சேர்மானம் வேண்டும். சாதாரண ஒயிலை ஊற்றினால் உள்ளே உள்ள கிளட்ச் தகடுகள் ஒட்டி ஒட்டி விடுபடும், வளைவுகளில் நடுக்கமும் சத்தமும் வரும்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் விடயத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். சிலவற்றுக்குக் கியர் ஒயில். சிலவற்றுக்கு ஒட்டோ கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப். சில புதிய டொயோட்டாக்களுக்கு 75டபிள்யூ என்ற மெல்லிய, அதற்கென்றே தயாரித்த ஒயில். ஜீஎல்-4 கேட்கும் பெட்டிக்குள் ஜீஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள வலுவான சேர்மானங்கள் பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும். மேலே சொன்ன ஹொண்டா சீஆர்வீயின் பின் டிஃபரன்ஷலுக்கு ஹொண்டாவின் டுவல் பம்ப் ஃப்ளூயிட் வேண்டும். அது பழசானாலே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது பின்னால் ஒரு முனகல் கேட்கும். அநேகமாக ஒயிலை மாற்றியதோடு அந்த முனகல் நின்றுவிடும்.

ஆகவே கைநூலில் எழுதியிருப்பதே இறுதி வார்த்தை. கைநூல் ஜப்பான் மொழியில் இருந்தால் வாகனத்தின் சரியான மொடல் இலக்கத்தைக் கொண்டு விபரம் தேடுங்கள். பீப்பாவிலிருந்து அளந்து தரும் பெயர் தெரியாத ஒயிலை விட, சீல் உடையாத போத்தல் பாதுகாப்பானது.

மாற்றும் முறை

கராஜில் கொடுத்துச் செய்தாலும் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்திருப்பது நல்லது. கைவேலை தெரிந்தவர்கள் வீட்டு வளவிலேயே செய்யலாம்.

முதலில் வாகனத்தைப் பத்து நிமிடம் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்குங்கள். தடித்த ஒயில் அப்போதுதான் அடியில் உள்ள கசடோடு சேர்ந்து முழுமையாக வடியும். பின்னர் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சில்லுகளுக்கு முட்டுக் கொடுங்கள். ஃபோர் வீல் வாகனம் உயரமானது என்பதால் பலவற்றில் தூக்காமலேயே வேலை செய்யலாம். தூக்கத்தான் வேண்டுமென்றால் நான்கு சில்லுகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்க வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு நட்டுகள் இருக்கும். மேலே உள்ளது ஒயில் ஊற்றுவதற்கு, கீழே உள்ளது வடிப்பதற்கு. இந்த வேலையில் ஒரேயொரு விதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அது இதுதான்: மேல் நட்டை முதலில் கழற்றுங்கள். வருடக்கணக்காகத் திறக்காத நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். அடி நட்டைக் கழற்றி ஒயிலை எல்லாம் வடித்த பிறகு மேல் நட்டு அசையவில்லை என்றால், ஒயில் இல்லாத வாகனம் வளவில் கிடக்கும், கராஜுக்கு ஓட்டவும் முடியாது. மேல் நட்டு இறுகியிருந்தால் துருநீக்கியை முதல் நாளே அடித்து வையுங்கள். பல டொயோட்டாக்களில் பின் டிஃபரன்ஷலுக்கு 24 மில்லிமீற்றர் சொக்கெட் போதும். சிலவற்றின் முன் டிஃபரன்ஷலுக்கு 10 மில்லிமீற்றர் அலன் கீ வேண்டும். தேய்ந்த ஸ்பெனரைப் போட்டு நட்டின் தலையை உருட்டிவிடாதீர்கள்.

சில வாகனங்களில் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் நட்டும் கியர் பெட்டியின் நட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் ட்ரான்ஸ்ஃபர் என்று நினைத்து கியர் பெட்டியை வடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. எது எது என்று உறுதிப்படுத்திய பிறகே கை வையுங்கள்.

ஒயில் முழுதாக வடிந்ததும் காந்தத்தைத் துடைத்து, புதிய வொஷர் போட்டு அடி நட்டைப் பூட்டுங்கள். பெட்டி அலுமினியமாக இருந்தால் மிகையாக இறுக்க வேண்டாம், புரி கழன்றுவிடும். கைநூலில் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குவதே சரி. பிறகு கைப்பம்பு அல்லது நீண்ட குழாய் மூலம் மேல் துளையால் ஊற்றுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அந்தத் துளையின் விளிம்பில் ஒயில் வழியத் தொடங்கும் மட்டம்தான் சரியான மட்டம். சில நிமிடம் பொறுத்து, இறங்கியிருந்தால் மீண்டும் கொஞ்சம் ஊற்றி மேல் நட்டைப் பூட்டுங்கள். வாகனத்தைச் சரித்து வைத்து அதிகமாக ஊற்றினால் ஒயில் சீலைத் தாண்டி பின் பிரேக்குக்குள் இறங்கும் ஆபத்து உண்டு.

எழும்புவதற்கு முன்னர் பிரீதரையும் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அடைபட்ட பிரீதர் உள்ளழுத்தத்தைக் கூட்டி, நல்ல சீலையும் கசிய வைக்கும். அடிக்கடி தண்ணீரில் இறங்கும் வாகனமானால் பிரீதரில் ஒரு றப்பர்க் குழாயைப் பூட்டி உயரமான இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கலாம். மலிவான வேலை, பெரிய பாதுகாப்பு.

வடிந்த ஒயில் சொல்லும் செய்தி

பழைய ஒயிலை வீசுவதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியில் எடுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் வயது போய்விட்டது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை போன்ற மெல்லிய தூள் இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்கு இரும்புச் செதில்களோ பல்லின் துண்டோ வந்தால் ஒயில் மாற்றுவதோடு நிறுத்தாமல் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பால் தேத்தண்ணி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது ஒரு தடவை மாற்றுவது போதாது. புதிய ஒயிலை ஊற்றிச் சில கிலோமீற்றர் ஓட்டி, மீண்டும் வடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். தண்ணீர் எந்த வழியால் புகுந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது?

பல கைநூல்கள் சாதாரண ஓட்டத்துக்கு 40,000 கிலோமீற்றர் அளவைச் சொல்கின்றன. பாரம் ஏற்றுவது, இழுப்பது, சேற்றிலும் மண் றோட்டிலும் ஓடுவது என்றால் அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் இறங்கிய வாகனத்துக்குக் கிலோமீற்றர் கணக்கு பொருந்தாது. தண்ணீர் வடிந்த சில நாட்களுக்குள் மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்துவிட வேண்டும். வெள்ளத்தில் இறங்கிய வாகனத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் ஆபத்து. ஓடாத பேரிங்கில் தண்ணீர் ஓரிடத்தில் தங்கித் துருவை உண்டாக்கும்.

“நான் ஃபோர் வீல் போடுவதே இல்லை, ஒயில் எப்படிக் கெடும்?” என்று சிலர் கேட்கிறார்கள். பல வாகனங்களில் ஃபோர் வீல் போடாவிட்டாலும் முன் டிஃபரன்ஷலின் பாகங்கள் சில்லோடு சேர்ந்து சுழன்றுகொண்டுதான் இருக்கும். போடாமலேயே வைத்திருந்தால் மேற்பகுதிப் பாகங்களுக்கு ஒயில் எட்டாது, சீல்கள் காயும். டொயோட்டாவின் சில கைநூல்கள் மாதத்துக்கு 16 கிலோமீற்றராவது ஃபோர் வீலில் ஓட்டும்படி சொல்வது இதனால்தான். ஆனால் நடு டிஃபரன்ஷல் இல்லாத வாகனமானால் அதை மணல், ஈரமண் போன்ற வழுக்கும் தரையில் மட்டும் செய்யுங்கள். காய்ந்த தார் றோட்டில் செய்தால் அச்சுகள் முறுகும்.

பழைய ஒயிலை எங்கே கொட்டுவது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. காத்தான்குடி, கல்முனை, கற்பிட்டி போன்ற எமது கரையோர ஊர்கள் மணற்பாங்கானவை. மேலே கொட்டுவது எதுவும் கிணற்று நீருக்கு இறங்க அதிக நேரம் பிடிக்காது. இன்று வளவின் மூலையில் கொட்டும் ஐந்து லீற்றர் ஒயில், நாளை பக்கத்து வீட்டுக் கிணற்றில் மிதக்கலாம். கானில் ஊற்றினால் களப்புக்கும் கடலுக்கும் போகும். வடித்த ஒயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஒயில் சேகரிக்கும் சேர்விஸ் ஸ்டேஷன் அல்லது கராஜில் கொடுத்துவிடுங்கள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

சேர்விஸ் ஸ்டேஷன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பட்டியலில் உள்ளதைச் செய்கிறார்கள், பட்டியலில் இல்லாததை நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த தடவை வாகனத்தைக் கொடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முன், பின் டிஃபரன்ஷல் ஒயிலும் ட்ரான்ஸ்ஃபர் ஒயிலும் பார்க்கப்பட்டதா? என்ன நிறத்தில் இருந்தது? மாற்றினால் என்ன தரத்து ஒயில் போட்டீர்கள்? பிரீதரைத் துடைத்தீர்களா? பதிலை, கிலோமீற்றரோடும் திகதியோடும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாகனத்திலேயே வையுங்கள். பழைய வாகனம் ஒன்றை வாங்கப் போகிறீர்களானால், விலை பேசுவதற்கு முன்னர் இந்த மூன்று மேல் நட்டுகளையும் திறந்து விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனது உறவினரின் கெப் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. அதன் டேஷ்போர்டில் ஒரு சிறிய கொப்பி இருக்கிறது. மாரி வந்து அவர் எத்தனை தடவை தண்ணீரில் இறங்கினார் என்பதை அதில் குறித்து வைக்கிறார். அடுத்த வெள்ளத்திலும் ஊருக்கு அந்த வாகனம் தேவைப்படும் என்பது அவருக்குத் தெரியும்.